பழுப்பேறிய நான்காவது பெட்டி

நான்காவது பெட்டி மட்டும் ஏன் பழுப்பேறியது, பாய்? எனக்கு இன்றும் தெரியவில்லை. வேதியியல் கற்பிக்கும் ஒருத்திக்கு 'தெரியவில்லை' என்று எழுதுவது அவ்வளவு எளிதல்ல. உங்களுக்கு என்பதால் எழுதுகிறேன்.

இன்று காலை கல்லூரியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். அந்த நெடி மாடியேறி என் ஆய்வகத்துக்குள் வந்தது. அடுத்த வாரம் மாணவிகளிடம் நான் பேச வேண்டிய தலைப்பு மேசையில் கிடந்தது: 'அறிவியல் ஆராய்ச்சியும் மனித முன்னேற்றமும்'. இவ்வளவு பெரிய சொற்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனிதகுலம் முன்னேறியதை நான் கண்ணால் பார்த்ததில்லை. வீரபாண்டியில் ஒரு சலவைப் பட்டறை ஓரடி முன்னால் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அது உங்கள் பட்டறை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், உங்கள் மகள் என் வகுப்பில் படித்தபோது, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பனியனோடு வந்தீர்கள். வெள்ளை வெளேரென்று வெளுத்துப் பெட்டி கட்டி அனுப்பிய சரக்கு, கோடையில் கல்கத்தாவில் திறந்தபோது பழுப்பேறியிருந்தது. எல்லாப் பட்டறைகளுக்கும் அதே தொல்லைதான். ஆனால் யாரும் வெளியில் சொல்வதில்லை. திரும்பி வந்ததைக் கிழித்து, எந்திரம் துடைக்கப் போட்டுவிடுவார்கள்.

"இதுக்கு என்ன சீக்குன்னு பாருங்க டீச்சரம்மா" என்றீர்கள்.

துணியில் தங்கிவிடும் குளோரின் காரணமாக இருக்கலாம், அதை முறிக்க, கடைசி அலசலில் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் படம் கழுவப் போடும் ஹைப்போ உப்பைக் கலந்து பார்க்கலாம் என்றேன். மொத்தச் சரக்குக்கும் போட நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். நான்தான் தடுத்தேன். பாதியைப் பழைய முறையிலேயே வெளுத்து, இரண்டையும் ஒரே வெக்கையில் வைத்தால்தான் எது எதனால் என்று சொல்ல முடியும்.

தொட்டியில் நின்ற ராமாத்தாள் சும்மா இருப்பாளா? "ஏனுங்க மொதலாளி, கெட்டுப்போகுமுன்னு தெரிஞ்சே பொட்டி கட்டறமாக்கும்? இதுக்குத்தான் டீச்சரம்மா காலேசு வரைக்கும் படிச்சாங்களா?"

பட்டறையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். "கட்டு ஆத்தா. கெட்டாத்தான் தெரியுமாம்."

ஹைப்போ போட்டது ஆறு பெட்டி, போடாதது ஆறு பெட்டி. தகரக் கூரைக் குடோனில் பங்குனியிலிருந்து ஆனி வரை வைத்தோம். உங்கள் பூட்டின் மேல் நான் கையெழுத்திட்ட காகிதம் ஒட்டினேன். "நான் திருட்டுத்தனமாத் தொறந்து பாத்துருவேன்னு பயமுங்களா?" என்று கேட்டீர்கள். "என்னையுந்தான் நான் நம்பலைங்க பாய்" என்றேன்.

திறந்த நாள் நினைவிருக்கிறது. ஹைப்போ போடாத ஆறும் பழுப்பு. போட்டவற்றில் ஐந்து, கட்டிய அன்று போலவே வெள்ளை. நான்காவது மட்டும் பழுப்பு. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதே தண்ணீர், அதே தொட்டி, அதே நாள். அன்று பிற்பகல் மற்றப் பட்டறைக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அந்தப் பருவத்து ஆர்டரைக் கையில் வைத்திருந்த கல்கத்தா ஏஜெண்டும் வருவதாக இருந்தார்.

நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "நாலாவது பெட்டிய இப்பக் காட்ட வேண்டாங்க. காரணம் தெரிஞ்ச பொறவு சொல்லிக்கலாம்." பூட்டுக்குக் காகிதம் ஒட்டியவளும் நான்தான்.

என் கையிலிருந்த நோட்டை மூடினீர்கள். "ஆறு கட்டினோமுன்னு சொல்லிப்போட்டு, அஞ்ச எப்படீங்க காட்டறது?"

அந்த ஏஜெண்ட் போனால் அந்த ஆண்டே போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே பன்னிரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு பனியன் எடுத்து, பட்டறைப் பெயரும் பெட்டி எண்ணும் எழுதிய அட்டையோடு சாலையோரக் கொடியில் போட்டீர்கள்.

பெருமாநல்லூர் பட்டறைக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார். "கெட்டுப்போன சரக்க ஊருக்கே கொடியில போட்டுக் காட்டற மொதலாளிய இன்னைக்குத்தான் பாக்கறனுங்க பாய்!"

"நல்லாப் பாத்துக்குங்க. உங்க பனியன் எந்தக் கலர்ல திரும்பி வருதுன்னு நான் கேக்கலீங்களே."

சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். ஏஜெண்ட் நான்காவது பனியனை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். கொடியை அவிழ்க்கப் போன ராமாத்தாளிடம், "அப்படியே கெடக்கட்டும்" என்றீர்கள்.

நீங்கள் மறைந்து ஓராண்டாகிறது. இன்று வீரபாண்டிப் பக்கம் கடைசித் தொட்டியில் ஹைப்போ போடாத பட்டறை அரிது. அதைத் தொடங்கியது யார் என்று யாரும் கேட்பதில்லை. பரவாயில்லை. கண்டுபிடிப்பும் எங்களுடையதல்ல; புத்தகத்தில் இருந்ததுதான். ஆனால் புத்தகத்தை நம்பாதவர்கள் உங்கள் கொடியை நம்பினார்கள். அதில் ஒரு பனியன் உங்களுக்கே எதிராகத் தொங்கியதால்தான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். எடுத்த அளவை அழித்துவிட்டு, வர வேண்டிய அளவை எழுதும் மாணவிக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். அந்தக் கண்டிப்பை நான் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை, பாய். உங்களோடு சேர்ந்து செய்த அந்த ஒரு சோதனையில் எனக்குள்ள பெருமை, என் பட்டத்தில்கூட இல்லை.

கொடியில் பனியன்களைப் போட்ட மறுநாள் நடந்தது என் நோட்டில் இருக்கிறது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டதாக ஏஜெண்ட் சொல்லி அனுப்பியிருந்தார். கொடியில் நம்முடைய பன்னிரண்டைத் தாண்டி இன்னும் நான்கு பனியன்கள் தொங்கின. நான்கும் பழுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டறையின் பெயர். பெருமாநல்லூர்க்காரர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, ஐந்தாவதைப் போட்டுக்கொண்டிருந்தார்.