மழையிலும் ஓடும் மோட்டார்

செப். 10, புதன்

ராத்திரி நல்ல மழை. விடிந்து பார்த்தால் வயல் பக்கம் மோட்டார் சத்தம். வேறு யார், ஷார்ஜாவில் இருக்கிற என் வீட்டுக்காரர்தான்.

இந்த மோட்டார் பெட்டியைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு கேட்கணும். உள்ளே ஒரு சிம். அந்த நம்பருக்கு மிஸ்டு கால் (இனி மி.கா.) கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும். போன தடவை லீவில் வந்தபோது மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மி.கா. அங்கே மழை தெரியவா போகிறது?

என் போனில் சார்ஜ் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓட்டம். போய் நிறுத்துவதற்குள் ஒரு செருப்பு சேற்றோடு போச்சு. கடலை விழுது இறங்குகிற நேரம், தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

அப்புறம் போன் போட்டேன். “என்னங்க, இங்கிட்டு வயலே மிதக்குது. நீங்க மோட்டாரைப் போடுறீங்க!”

“மழைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ஸ்டெல்லா?”

“தூங்குறவ எப்படிங்க சொல்லுவா?”

சிரிக்கிறார். கோபமாகத்தான் பேச ஆரம்பித்தேன், எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

வாங்க: செருப்பு, உளுந்து, அங்கன்வாடிக்குக் கலர் சாக்பீஸ்.

கருப்பி அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு முட்டையை வைத்தேன். “தூக்கிப் போட்டுராத” என்று அவர் பரண் மேல் பத்திரப்படுத்தியது. கோழிக்கு ஆச்சு.

செப். 12, வெள்ளி

வெயில். மோட்டார் ஓடவில்லை. அவர் மூன்று தடவை அடித்தாராம், அசையவில்லை. நானும் அடித்துப் பார்த்தேன். ஊகூம்.

அங்கன்வாடி முடிந்து இலுப்பூர். பெட்டியை விற்ற பாலு அண்ணன் கடையில் ஏற்கெனவே இரண்டு பேர் சண்டைக்கு நிற்கிறார்கள்.

“கம்பெனிக்காரன் அங்க இருந்தே அப்டேட் பண்ணிட்டான் தங்கச்சி. இனிமே மிஸ்டு கால் கிடையாது, ஆப்புதான். அதுக்கு வருசா வருசம் சந்தா.”

“வாங்குறப்ப சொல்லலையேண்ணே?”

“எனக்கே முந்தாநாள்தான் தெரியும். கடையைப் பூட்டிட்டு ஓடிரலாமான்னு இருக்கு.”

அந்த ஆப் நம்ம ஊர் நம்பரை மட்டும்தான் எடுக்குமாம். ஷார்ஜா நம்பர் செல்லாது. ஆக, மோட்டார் இனி என் பொறுப்பு. கொட்டகைக்குப் போய் பட்டனை அமுக்கணும்.

உள்ளதைச் சொன்னால் சந்தோஷம்தான். இனி மழையில் ஓட வேண்டாம். புதுச் செருப்பு, நீல வார். உளுந்து மறந்துவிட்டேன்.

செப். 14, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வீடியோ கால். சாப்பிட்டீங்களா என்றால் ம். வேலை எப்படி என்றால் ம். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். உடம்பு சரியில்லையோ? நோண்டி நோண்டிக் கேட்டதும் சொன்னார்.

“காலையில மோட்டாரைப் போடுவேன்ல. ‘மோட்டார் ஓடுகிறது’ன்னு மெசேஜ் வரும். அதைப் பாத்துட்டுத்தான் டீ குடிப்பேன். நம்ம வயல்ல கால் வச்ச மாதிரி இருக்கும். இப்ப எந்திரிச்சா என்ன செய்யுறதுன்னே தெரியல.”

“டீயைக் குடிக்க வேண்டியதுதானே?”

“குடிக்கிறேன். டீ மாதிரியே இல்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருசமாக அவருக்கு ஊர் என்றால் அந்த மெசேஜ்தான். நான் செருப்பு வாங்கிக் குதித்துக்கொண்டிருக்கிறேன். அதை எப்படி ஒருத்தன் எங்கோ உட்கார்ந்துகொண்டு பிடுங்கலாம்? எனக்கு வந்ததே கோபம்.

செப். 16, செவ்வாய்

கம்பெனி கஸ்டமர் கேர். பாட்டு, பாட்டு, மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண்.

“உங்க பாதுகாப்புக்காகத்தான் மேடம் மாத்தியிருக்கோம்.”

“தையல் மெஷினை வித்துட்டு, ரெண்டு வருசம் கழிச்சு வீட்டுக்குள்ள வந்து பெடலைக் கழட்டிட்டுப் போவீங்களாம்மா?”

லைன் கட். அங்கன்வாடியில் சமையல் செய்கிற வசந்தா அக்கா கீரை ஆய்ந்துகொண்டே எல்லாம் கேட்டுவிட்டார். “புதுக்கோட்டையில நுகர்வோர் கோர்ட்டு இருக்குல்ல? எங்க கொழுந்தன் பிரிட்ஜுக்கு அங்கிட்டுதான் போனான். நீ போ, பிள்ளைகளை நான் பாத்துக்கிறேன்.”

கூட்டுக்கு உப்பு போட மறந்துவிட்டார், என் கதையில் லயித்து. ஒரு பிள்ளையும் சாப்பிடவில்லை. அப்பளம் பொரித்துச் சமாளித்தோம்.

செப். 18, வியாழன்

லீவு போட்டு புதுக்கோட்டை. பஸ்ஸில் நின்றுகொண்டே. நீல வார் கடிக்கிறது.

நுகர்வோர் ஆணைய அலுவலகத்தில் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடி, பொறுமைசாலி. கேஸ் எல்லாம் அப்புறம், முதலில் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பு, நுகர்வோர் உதவி மையத்திலும் புகாரைப் பதிந்துவிடு என்றார். வித்த பிறகு வசதியைப் பிடுங்கினால் கேட்க வழி இருக்கிறதாம். பில் இருந்தது. “மிஸ்டு கால் வசதி உண்டுன்னு கம்பெனி எழுத்துல எதுவும் இருக்காம்மா?”

“பெட்டியிலயே கொட்டை எழுத்துல போட்டிருக்குங்க.”

“பெட்டி எங்க?”

“கோழி உக்காந்திருக்குங்க.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். “கோழியை எழுப்பாதீங்க. போட்டோ எடுத்து வைங்க, போதும்” என்றார்.

சாயங்காலம் போட்டோ. கருப்பி என்னைக் கொத்தினாள், இரண்டு இடத்தில். ஆனால் எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது: “ஒரு மிஸ்டு கால் போதும். உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் மோட்டார் உங்கள் கையில்.” மேலே கருப்பியின் தலை, நீதிபதி மாதிரி.

ஷார்ஜாவும் உலகின் மூலைதானே? நோட்டீஸ் ரெடி. போட்டோவோடு உதவி மையத்துக்கும்.

செப். 19, வெள்ளி

நோட்டீஸ் தபாலில் போச்சு. பாலு அண்ணன் கடையில் சண்டைக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள், ஆளுக்கொரு புகார். அண்ணனே உட்கார்ந்து பதிந்து கொடுக்கிறார். டீ வேறு அவர் செலவு.

உளுந்து வாங்கியாச்சு!

செப். 24, புதன்

மேகம், மழை இல்லை. கம்பெனியில் இருந்து ஒரு சார். குரலில் வெண்ணெய்.

“மேடம், உங்களுக்கு மட்டும் ஒரு வருசம் ஆப் இலவசம். புகாரை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?”

“ஷார்ஜா நம்பர் எடுக்குமா சார்?”

“அது... இப்போதைக்கு இல்ல மேடம்.”

“அப்ப இலவசத்தை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு நான் வாங்கின மிஸ்டு கால் வேணும்.”

“நீங்க அனுப்புன போட்டோல கோழிதான் மேடம் தெரியுது.”

“கோழிக்குக் கீழ எழுத்து இருக்கு. படிங்க சார், நான் இருக்கேன்.”

படித்தார். என்னைக் காக்க வைத்து, சத்தமாக முழுசும் படித்தார். ‘உலகின் எந்த மூலையிலிருந்தும்’ வந்ததும் குரலில் இருந்த வெண்ணெய் உருகிவிட்டது. மேலே பேசிவிட்டுச் சொல்கிறாராம்.

போனை வைத்தேன். இலவசத்தை வாங்கித் தொலைத்திருக்கலாமோ? எனக்கு ஒரு வருசம் சுலபம். அவருடைய டீ? வேண்டாம், சொன்னது சொன்னதுதான்.

செப். 30, செவ்வாய்

மெசேஜ்! “பழைய வாடிக்கையாளர்களுக்கு மிஸ்டு கால் வசதி மீண்டும் வழங்கப்படுகிறது.” ஏதோ தானம் கொடுக்கிற மாதிரி. இருக்கட்டும். என் நம்பரில் இருந்து அடித்துப் பார்த்தேன், ஓடியது. பாலு அண்ணனுக்குப் போன், வசந்தா அக்காவுக்குப் போன். அக்கா இன்று பாயசம் வைத்தார், சர்க்கரை மறக்காமல்.

அவருக்குச் சொன்னேன். வீடியோ காலில் ஒரே சிரிப்பு. அப்புறம், “பெட்டியைத் தூக்கிப் போடாதன்னு சொன்னேன்ல?” இந்தப் பெருமை இனி பத்து வருசம் ஓடும்.

அக். 1, புதன்

விடியும் முன்னே மழை பிடித்துக்கொண்டது. கருப்பி பெட்டிக்குள் கீச் கீச். ஏழு குஞ்சு வெளியே, ஒன்று பாதி ஓட்டுக்குள்.

மழையோடு மழையாக இன்னொரு சத்தம். காதைத் தீட்டிக் கேட்டேன். மோட்டார்.

மழை வந்தால் சொல்கிறேன் என்று நேற்றே சொன்னேனா, இல்லை. அவர் கேட்டாரா, அதுவும் இல்லை. லூசு மனுசன். வயல் மறுபடி மிதக்கப் போகிறது.

போனைக் கையில் எடுத்துவிட்டேன், நிறுத்த. இன்றைக்கு முழுச் சார்ஜ், ஒரு மி.கா. போதும். ஆனால் நிறுத்தினால் உடனே அவருக்கு மெசேஜ் போய்விடும்.

இப்போதுதான் டீயை ஊற்றியிருப்பார். குடித்து முடிக்கட்டும்.