நிச்சயப் புடவையில் மஞ்சள் ஒட்டாததற்கு என் பேத்தி காரணமல்ல

அனுப்புநர்:
நா. கன்னியம்மாள்,
க/பெ. (காலஞ்சென்ற) நாகராஜன்,
பெரிய தெரு, அம்மையார்குப்பம்,
ஆர்.கே.பேட்டை வட்டம்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
திருத்தணி.

பொருள்: என் பேத்தியின் நிச்சயப் புடவையை எனக்குத் தெரியாமல் பிளாஸ்மா மெஷினில் வைத்து எடுத்ததையும், அதைச் சபையில் மறைத்ததையும் விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். மனு எழுதித் தருகிறவரிடம் போகவில்லை. அவர் விஜயராகவனோடு டீ குடிக்கிறவர்.

1. விஜயராகவன் என் கூடப் பிறந்த தம்பியின் மகன். எங்கள் நெசவாளர் குழுவின் செயலாளர். அந்தப் பதவிக்கு முதலில் கை தூக்கியவள் நான். அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் இருந்தவளும் நான்தான். பாகப்பிரிவினையில் அவன் அப்பா என் தறிகளில் ஒன்றைத் தன் பக்கம் வைத்துச் சுவர் எழுப்பியது வேறு கதை. அதை இந்த மனுவில் சேர்க்கவில்லை.

2. சென்ற ஆண்டு சென்னைக் கல்லூரிக்காரர்கள் குழுவின் கொட்டகையில் ஒரு மெஷின் வைத்தார்கள். இரும்புப் பெட்டி. உள்ளே துணியை வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, வேறு வாயுவைக் கொஞ்சமாக விட்டு, கரண்ட் கொடுத்தால் ஊதா நிறத்தில் எரியும். அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். அது துணியின் மேற்பரப்பை மட்டும்தான் மாற்றுமாம். நிறம், எடை எதுவும் மாறாது, தொட்டாலும் தெரியாது. ஒரு வாயுவுக்கு நூல் சாயத்தைச் சட்டென்று குடிக்கும். இன்னொரு வாயுவுக்குத் தண்ணீர் ஊற்றினாலும் துணி நனையாது. சாயத்துக்கு என்றுதான் எங்களிடம் சொன்னார்கள், சம்மதித்தோம். மெஷின் மேல் எனக்குப் புகார் இல்லை.

3. என் மகன் வயிற்றுப் பேத்தி யோகலட்சுமியை ஆந்திரப் பக்கம் நகரியில் பேசி முடித்திருந்தோம். நிச்சயப் புடவைக்கு நூலை மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தார்கள், நெய்தது நான். இஸ்திரி போட்டு மடித்துத் தருகிறேன் அத்தை என்று விஜயராகவன் வாங்கிப்போனான். சொந்தப் பிள்ளையாயிற்றே என்று கொடுத்தேன்.

4. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அத்தை பங்காரு அம்மாள் முறைப்படி புடவையின் முனைகளில் மஞ்சள் தடவினார். மஞ்சள் முத்து முத்தாக உருண்டு தட்டில் விழுந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடியும் தடவினார். அதுவும் ஓடிவிட்டது. அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, "மஞ்சளே வேணாங்குதும்மா, நாங்க இன்னா பண்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள். தை மாதத்து முகூர்த்தத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது தண்ணீர்க் குழாயடியில் ஊர்ப் பெண்கள் என் பேத்தியைப் பார்த்தால் விலகி நிற்கிறார்கள்.

5. மாமன் முறைக்கு அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் விஜயராகவன். மஞ்சள் தண்ணீர் தேங்கியதும் யாரும் பார்க்காதபடி தட்டைச் சாய்த்துக் கீழே ஊற்றிவிட்டான். நான் பார்த்தேன். ஏன் என்று அன்றைக்கு விளங்கவில்லை; ஒட்டாமல் ஓடிய தண்ணீரைப் பார்த்து யாருக்கும் மெஷின் ஞாபகம் வரக்கூடாது என்றுதான்.

6. மறுநாள், தண்ணீர் ஊற்றினாலும் நனையாத துணி ஞாபகம் வந்து, புடவையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மெஷின் ஓட்டும் கல்லூரிப் பெண் ஷாலினி கரையைப் பார்த்ததுமே அடையாளம் சொல்லிவிட்டாள். நனையாத துணி பார்க்க வியாபாரிகள் வந்த அன்று கையில் துணி இல்லை என்று விஜயராகவன் இதைக் கொடுத்தானாம். மாதிரித் துணி என்று நினைத்து அவள் உள்ளே வைத்திருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவள் மேல் குற்றமில்லை.

7. விஜயராகவனைக் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. "வெளிய தெரிஞ்சா ஆர்டர் போயிடும் அத்த. புடவைய குடு, வேற வாயுல வச்சி எடுத்தா மஞ்சள் புடிச்சிக்கும். இன்னொரு வாட்டி தடவிக் காட்டலாம், யாருக்கும் தெரியாது" என்றான். நான் கொடுக்கவில்லை. இரண்டாம் முறை ஒட்டினால், முதல் முறை ஒட்டாதது பெண்ணின் தோஷம் என்றே நிலைத்துவிடும். பரிகாரம் செய்து சரிக்கட்டினார்கள் என்று பேசுவார்கள். சபையில் ஒரே ஒரு வார்த்தை, மெஷின் என்று சொல்லியிருந்தால் போதும். வியாபாரிக்குப் பயந்தவன், தூக்கி வளர்த்த பெண்ணுக்காக வாயைத் திறக்கவில்லை.

ஆகவே ஐயா அவர்கள் விஜயராகவன், ஷாலினி இருவரையும் அழைத்து விசாரித்து, நடந்ததைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி முத்திரையிட்டுத் தர வேண்டும். நகரியில் பங்காரு அம்மாள் முன்னிலையில், அன்று வந்திருந்த உறவுகளையும் வைத்துக்கொண்டு, விஜயராகவனே அதை வாய்விட்டுப் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். புடவை அதுவரை என் பெட்டியில் இருக்கும். எந்த மெஷினுக்கும் போகாது.

அவர்கள் திரும்பவும் நாள் குறித்துக்கொண்டு வந்தாலும் யோகலட்சுமி சம்மதிப்பாளா என்று எனக்குத் தெரியாது. அது அவள் இஷ்டம். வேண்டாம் என்று சொல்வதானாலும், குற்றமில்லாதவளாக நின்று அவள் சொல்லட்டும் ஐயா. அதற்குத் தாங்கள் வழி செய்ய வேண்டுகிறேன்.

இடம்: திருத்தணி
நாள்: 18.11.2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
நா. கன்னியம்மாள்
(என் கையெழுத்து)