சாரம் உறுதியாக இல்லையாம்

என் ரேடியோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணனும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் அந்த வரியைப் பாதியோடு விடுகிறேன். இது அண்ணனின் எழுத்து இல்லை, உற்றுப் பார், கோணல் மாணலாகப் போகும், என் கையெழுத்துதான். சாயங்கால வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு நாள் திடீரென்று கடிதம் போட்டு உன்னை அசத்த வேண்டும் என்று எல்லார் வாயையும் கட்டி வைத்திருந்தேன். இப்போது கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பஸ்ஸின் நெற்றியில் இருப்பது எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வேறு இடம் பார்க்கிறார்கள். 'ஞ' எழுதுவது மட்டும் மூன்று கம்பு சேரும் இடத்தில் முடிச்சுப் போடுகிற மாதிரி, கயிறு எந்தப் பக்கம் போனது என்று மறந்துவிடுகிறது. நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு அம்மா, "எழுதுறீங்களா, எறும்பு பிடிக்கிறீங்களா?" என்கிறாள். நாலு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான், உறையை நானே பிரித்தேன். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக நடந்தேன். "என் ஆய்வின் சாரம் உறுதியாக இல்லையாம், பிரித்துவிட்டு அடியிலிருந்து கட்டச் சொல்லிவிட்டார்கள், அடுத்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை அதை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும்" என்று எழுதியிருந்தாய். ஆய்வு என்றால் என்னவென்று தெரியாததால் அதைத் தாண்டிவிட்டேன். சாரம் தெரியாதா எனக்கு? கட்டடங்களுக்குக் கம்பும் கயிறுமாக நாற்பது வருடம் கட்டியவன். உறுதியில்லாத சாரத்தில் ஏறினவர்களைக் கீழே இருந்து தூக்கியவன். நீ படிக்கப் போனது நாடகப் படிப்பாயிற்றே, மேடை போடுகிறார்கள், அதில் என் மகளை ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள், "டேய், அவளை ஏற வேண்டாம்னு சொல்லுடா, கம்பு தளர்ந்திருக்காம்" என்று கத்தினேன். அவன் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்பா, இது அந்தச் சாரம் இல்லப்பா, எழுதினதோட சுருக்கம்" என்றான். அப்படியானால் நான் இத்தனை வருடம் கட்டியது என்னவாம் என்று கேட்டேன். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சொல்லை நீ வேறு எங்கேயாவது எழுதியிருக்கிறாயா என்று பார்க்கலாம் என்று மறுநாள் அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கி உன் பழைய கடிதங்களை எடுத்தேன். எல்லாம் அண்ணன் எனக்குப் படித்துக் காட்டியவை, பாதி மனப்பாடம். மூன்றாவது கடிதத்தில் நான் கேட்டிராத ஒரு பக்கம் இருந்தது. மேலே, "அண்ணா, இந்தப் பக்கத்தை அப்பாவுக்குப் படிக்காதே" என்று எழுதியிருந்தாய். படிக்காமல் மடித்து வைத்திருக்கலாம். ஆனால் எழுத்துத் தெரிந்த கண் நிற்க மாட்டேன் என்கிறது. உன்னோடு படிக்க வந்திருக்கிற ஆசிரியர்கள் ஒவ்வொருவராக நடுவில் வந்து, ஒரு பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவது போல மற்ற ஆசிரியர்கள் முன்னால் செய்ய வேண்டும், உன் முறை வரும்போது வாய் பூட்டிக்கொள்கிறது, இரண்டு தடவை வெளியே ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாய் பக்கம் உட்கார்ந்துவிட்டாய், மூன்றாவது தடவையும் அப்படி ஆனால் படிப்பை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த மூன்றாவது தடவைதான் அடுத்த மாதம் வரப்போகிற அந்த வெள்ளிக்கிழமை. ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு மதியம் ஆனது, அவ்வளவு நேரமும் நீ அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தாய். அண்ணனைக் கேட்டேன். "நீங்க பயப்படுவீங்கன்னு அவதான்பா சொன்னா" என்றான். ஆமாம், பயப்படுகிறேன். வாய் மூடாததால் ரேடியோ என்று நான் பெயர் வைத்த பிள்ளைக்கு வாய் பூட்டிக்கொள்கிறது என்றால் பயப்படாமல் என்ன செய்வேன்? பின்னக் கணக்கைக்கூடப் பிள்ளைகளை நடிக்கவைத்தே சொல்லிக்கொடுப்பேன் என்று பள்ளிக்கூடத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு போனவள் நீ. போன் செய்யலாம், ஆனால் போனில் நீ "நல்லா இருக்கேன்ப்பா" என்பாய், நானும் சரிம்மா என்பேன்.

உன் படிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, புத்தி சொல்ல வரவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் சாரத்தில் ஏறிய முதல் நாள் மூன்றாவது மாடியில் கால் மரத்து, கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மேஸ்திரி கீழே இருந்து, "டேய், ஊரைப் பாக்காத, உன் கையில இருக்கிற முடிச்சைப் பாரு" என்று கத்தினார். பார்த்தேன். அதைக் கட்டி முடித்தேன். பிறகு அடுத்தது. பயம் போய்விட்டது என்று நினைக்காதே, கடைசி நாள் வரைக்கும் போகவில்லை, வீட்டில் சொன்னதில்லை, அவ்வளவுதான். நீ என்னிடம் மறைத்ததை எங்கே கற்றுக்கொண்டாய் என்று இப்போது புரிகிறது. உறைக்குள் ஒரு சாண் கயிறு வைத்திருக்கிறேன், அதில் என் முடிச்சு ஒன்று இருக்கிறது. அவிழ்க்கப் பார்க்காதே, அவிழாது. அந்த வெள்ளிக்கிழமை கைக்குள் வைத்துக்கொள். அதற்குள் இது வந்து சேர வேண்டுமே என்பது இன்னொரு பயம், தபால் பெட்டியில் போட்ட பிறகும் கையை விட்டுப் பார்ப்பேன் என்று அம்மா இப்போதே கிண்டல் செய்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது, நீ நன்றாக இருப்பாய், இது அம்மாவும் நானும் சேர்ந்து சொல்வது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை வாய் திறந்தாலும் எழுது, வெளியே ஓடி வந்துவிட்டாலும் எழுது. எழுத்தைப் பெரிதாக எழுது, புள்ளியை விடாமல் வை. உறை மேல் அண்ணன் பெயர் வேண்டாம், என் பெயரைப் போடு. அப்பாவுக்குப் படிக்காதே என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது, அப்பாதான் படிப்பார்.

கைநாட்டு இல்லாமல், கையெழுத்துடன்,
அப்பா