என் நடையில் பதினாறு பேர்

அன்புள்ள அம்மா,

உனக்கும் அப்பாவுக்கும் வணக்கம். மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம்.

பயப்படாமல் படி. போன மாதம், ஆட்டக்காரர்களுக்கு நான் தைத்த உடைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கால் பிசகிவிட்டது. லேசான சுளுக்குதான். விந்தி விந்தி ஒத்திகை அறைக்குப் போனேன். எங்கள் பாலே குழுவுக்கு நடனம் அமைக்கும் மாஸ்டரம்மா என்னையே உற்றுப் பார்த்தார். கால்விரல் நுனியில் மிதக்கிற ஆட்டத்துக்குள் சாதாரண மனிதர்களின் நடையைக் கொண்டுவந்தவர் அவர். முப்பது வருடத்துக்கு முன்பு சிரித்தார்களாம். இன்று ஊர் ஊராக அவரைப் பார்த்துத்தான் நடனம் அமைக்கிறார்கள்.

மறுநாள் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் என்னைப் போலவே விந்தி நடந்தார்கள். “என்னைக் கிண்டல் பண்றீங்களா?” என்று கேட்டேவிட்டேன்.

மாஸ்டரம்மா பாட்டை நிறுத்தினார். “இல்லம்மா. அவ்வளவு வலியிலயும் ஒரு துணிகூட தரையில படாம கொண்டுவந்தே. அதை எல்லாரும் பாக்கணும். உனக்குப் பிடிக்கலைன்னா இப்பவே எடுத்துடுறேன்” என்றார்.

கொஞ்சம் யோசித்தேன். “இருக்கட்டும். ஆனா நான் விந்தி நடக்கறது வலது கால்ல, இடது இல்ல” என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான்.

நேற்று முதல் காட்சி. பதினாறு பேர் என் நடையில் மேடையைக் கடந்தார்கள். அரங்கமே மூச்சுவிடவில்லை. ‘அது என் நடை’ என்று திரும்பிச் சொல்லத்தான் பக்கத்தில் யாருமில்லை.

சுளுக்குத் தைலம் ஒரு புட்டி அனுப்பு. எப்படித் தேய்ப்பது என்று எழுதாதே, போனில் சொல். மெதுவாகச் சொல்.

இன்றைய காட்சிக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் சின்னவள்