பெயர் வெட்டிய தட்டு

இராஜபாளையம்,
12.5.2025, இரவு பன்னிரண்டரை

அன்புள்ள அக்கா,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்குக் கோவிக்காதே. சின்னவன் இப்போதுதான் கண்ணை மூடினான். மூன்று மாதப் பிள்ளைக்குப் பகல் எது, இரவு எது என்று இன்னும் பிடிபடவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் தூக்கம் என்று வைத்துக்கொள்.

நீ செல்போனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாத்தா ஆச்சியோடு இருக்கப் போனதிலிருந்து, உன்னிடம் இரண்டு வார்த்தை பேச என் வீட்டுக்காரர் ஆல்வினின் சாப்பாட்டுப் பையில் கடிதம் வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தனக்குக் கிளார்க் வேலையா, தபால்காரர் வேலையா என்று அவர் கேட்கிறார். வீட்டில் இருக்கிற ஒரே போனைத் தாத்தாதான் எடுக்கிறார். "எல்லாரும் சுகம், ஸ்தோத்திரம்" என்று வைத்துவிடுகிறார். நேற்று ஷெரினைக் கூப்பிடச் சொன்னேன். "பொறவு பேசுதேன்னு சொல்லுங்க தாத்தா" என்று அவள் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நாலு வயசு! பிரசவத்துக்குப் பத்து நாள் என்று உன்னிடம் விட்ட என் பிள்ளை.

அங்கே கஞ்சியும் துவையலும் தானாகவே எடுத்துச் சாப்பிடுகிறாளாம். டிவி கேட்பதில்லையாம். இங்கே ஒரு வாய் சோற்றுக்கு மூன்று கார்ட்டூன் ஓடவேண்டும். ஆல்வின் இதையெல்லாம் வந்து சந்தோஷமாகச் சொல்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

சொல்லியே விடுகிறேன். அம்மா போன பிறகு நம் இருவரையும் வளர்த்தது தாத்தாவும் ஆச்சியும். ஆச்சி சொல்பேச்சு கேட்டவள் நான். ஓய்வுநாள் என்று ஞாயிற்றுக்கிழமை அடுப்பு பற்றவைக்காத, கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்காத அந்த வீட்டு வழக்கத்துக்கு முகத்தைத் தூக்கிவைத்தவள் நீ. பெங்களூரில் பதினாறு ஜோடி செருப்பு வைத்திருந்தவள் இன்றைக்கு நாலு சேலையோடு இருக்கிறாய். சபையில் எல்லாரும் பியூலாவைப் பாரு, பியூலாவைப் பாரு என்கிறார்கள். நானும் போன வாரம் சனிக்கிழமையே புளிச்சோறு கிளறி வைத்துவிட்டு, டிவி ரிமோட்டை அரிசி டின்னில் ஒளித்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கே பால் புட்டி கொதிக்கவைக்க அடுப்பைப் பற்றவைத்தாயிற்று. ரிமோட்டைத் தேடி எடுத்த ஆல்வின், "ஒங்க தாத்தா மாதிரி ஆகணும்னா மொதல்ல மீசை வேணும்லா" என்றார்.

ஜூன் இரண்டாம் தேதி இங்கே எல்.கே.ஜி. ஆரம்பிக்கிறது. முந்தின நாள் வந்து அவளைக் கூட்டிக்கொள்கிறேன். அவளிடம் இப்போதே சொல்லி வை.

உன் தங்கை,
ஜெபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
15.5.2025

பிரியமுள்ள ஜெபா,

செருப்பு பதினாலு ஜோடிதான். பொய் எழுதாதே.

எல்லாரும் நலம். ஆச்சிக்கு முட்டுவலிதான் விட்டபாடில்லை. தாத்தா சோப்புக் கட்டியை நூல் வைத்து இரண்டாக அறுத்து, ஒரு பாதியை இன்னும் பீரோவில் பூட்டுகிறார். ஷெரின் அதற்குக் காவல். சாவி அவளிடம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசி. அவள் இந்த வருஷம் இங்கேயே படிக்கட்டும். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. தாத்தா நடந்தே கூட்டிப் போய்விடுவார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீ எம்புட்டுத்தான் ஓடுவாய்? நாம் வளர்ந்த மாதிரி, இருப்பது போதும் என்று வளரட்டுமே. ஃபாரம் வாங்கி வைத்துள்ளேன். பெற்றோர் கையெழுத்து வேண்டும். மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன் அக்கா,
பியூலா


இராஜபாளையம்,
20.5.2025

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தேன். கோயில் ஆராதனை முடிந்து, சின்னவனைத் தூக்கிக்கொண்டு நேரே பஸ் ஏறினேன். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன் என்பது உனக்குத் தெரியாது. நீ சொல்வதும் சரிதான் என்று மனசைத் தேற்றியிருந்தேன்.

அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர். விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். அவரவர் தட்டை அவரவர் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பெயரில்லாத தட்டு விருந்தாளிக்கு. பதினைந்து வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டவளுக்கு நீ எந்தத் தட்டை வைத்தாய்? என் எதிரே உட்கார்ந்திருந்தாள் என் மகள். அவள் தட்டில், என் பக்கத்து விளிம்பில், ஷெரின் என்று வெட்டியிருந்தது. வெட்டு இன்னும் பளபளத்தது.

எதையும் வாங்காத வீட்டில் அவளுக்காகப் புதுத் தட்டு வாங்கியிருக்கிறீர்கள். கையெழுத்து வாங்குமுன்னே அவளை உங்கள் வீட்டில் சேர்த்தாயிற்று. சாப்பிட்டு முடித்து, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அம்மா, நீங்க எப்ப போறிய?" என்று கேட்டாள். பாதிச் சோற்றோடு கை கழுவினேன். சின்னவனுக்குப் பசிக்கிறது என்று பொய் சொல்லிக் கிளம்பினேன்.

தாத்தா ஆச்சி எளிமையாக வளர்த்தது அடுத்தவர் பிள்ளையை இல்லை, அநாதையாக நின்ற பேத்திகளை. என் பிள்ளைக்கு நான் இருக்கிறேன். பெறாதவளுக்கு இது எப்படிப் புரியும்?

ஃபாரத்தைக் கிழித்துவிட்டேன்.

ஜெபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.5.2025

ஜெபா,

அது உன் தட்டு. நீ கல்யாணமாகிப் போன அன்று ஆச்சி துடைத்துப் பரணில் வைத்தது. புதுசு வாங்கத் தாத்தா விடவில்லை. பாத்திரக்கடையில் உன் பெயருக்கு நேர் எதிர் விளிம்பில் அவள் பெயரை வெட்டி வாங்கி வந்தார். உன் பெயர் அவள் மடிப்பக்கம் இருந்தது. நீ எழுந்து வந்து பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. உன் தட்டு உன் மகள் கையில் இருக்கும்போது உனக்கு நான் வேறு எதை வைப்பது?

கோபத்தில் வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். பெறாதவள் என்று நீ எழுதியிருக்கிறாய். ஆச்சிக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

ஷெரின் தூக்கத்தில் என் காது மடலைப் பிடிப்பாள். தடவிப் பார்த்து, "இது அம்மா காது இல்ல" என்று முனகிக்கொண்டே விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள். மூன்று மாதமாகத் தினமும். பொறாமை உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே.

ஒண்ணாம் தேதி துணிமணி எடுத்து வைத்திருப்பேன்.

பியூலா


இராஜபாளையம்,
28.5.2025

அக்கா,

வெள்ளிக்கிழமையே மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை தாத்தாவுக்குப் போன் போட்டேன், எல்லாரும் சுகம் என்று வைத்துவிட்டார். ஆல்வின் மூன்று நாளாக வெறும் பையோடு வருகிறார். நீ அவரை உட்காரவைத்து மோர் கொடுக்கிறாயாம், சிரிக்கிறாயாம், கடிதம் மட்டும் இல்லையாம்.

நீ எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை எனக்குச் சந்தோஷம், என் காதைத்தான் தேடுகிறாள் என்று. இரண்டாம் தடவைதான் அந்த இருட்டில் உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது. நான் அப்படிப்பட்டவள் அக்கா. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய்.

ஷெரின் இங்கேதான் படிப்பாள். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த வீட்டு ஞாயிறு என் வீட்டில் நடக்காது, முயன்று பார்த்துவிட்டேன். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆல்வின் அவளை உன்னிடம் கொண்டுவந்து விடுவார். ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வந்து, இருக்கிறதைச் சாப்பிட்டு அவளைக் கூட்டிப் போவேன். பெயரில்லாத தட்டே போதும். வாரா வாரம். நீ சம்மதித்தால்.

அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசலுக்கு வந்தால் நீ என்னோடு பேசுவாயா? நாளைக்கு ஆல்வின் வருவார். ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.

உன் ஜெபா