ஒன்பது மார்க்

அன்புள்ள ஏழு மார்க்குக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீயும் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இந்நேரம் எனக்குத் திட்டு வந்து சேர்ந்திருக்கும். அறையில் என்னோடு இருந்த வெல்டர் வேறு விடுதிக்கு மாறிவிட்டார். காலையில் தட்டி எழுப்ப ஆளில்லாமல் இரண்டு முறை ஷிப்டுக்குத் தாமதமாகப் போனேன். அலாரம் கடிகாரம் அடிப்பதே இல்லை. புதிதாக ஒன்று வாங்கினேன், அதுவும் அதே லட்சணம். இந்த ஊரில் கடிகாரக் கடைக்காரனை நம்பியது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான்.

சரி, இந்த மாதத்துப் பரீட்சைத் தாளுக்கு வருகிறேன். முதலில் படம். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் அந்த லாரி டிரைவர் படத்தைப் பார்த்தேன். என் மார்க் இரண்டு. அதில் ஒன்று லாரிக்கு. எஞ்சின் சத்தம் அசல். மேட்டில் ஏறும்போது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியே அதிர்ந்தது. மற்றபடி, இந்தக் காலத்து நடிகர்களுக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போலிருக்கிறது. எல்லோரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். கிளைமாக்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறாரே இயக்குநர், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டிரைவர் மழையில் வண்டியை நிறுத்துகிறான். போனை எடுத்துக் காதில் வைக்கிறான். அழுகிறான். வண்டியைத் திருப்புகிறான். படம் முடிந்தது. எதற்கு அழுதான், எதற்குத் திருப்பினான்? ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. பக்கத்து இருக்கைக்காரர் வேறு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். டிக்கெட் வாங்கியதை நினைத்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஆல்பம். நீங்கள் கடையில் பதிந்து அனுப்பிய பென் டிரைவ் வந்து சேர்ந்தது. ஆறு பாடல்களும் ஆறு ரகம். மனதை வருடும் மெலடிகளும் துள்ளவைக்கும் தாளங்களும் சரிவிகிதத்தில் கலந்த இசை விருந்து. புல்லாங்குழல் இழையோடும் நான்காவது பாடல் காதில் பாயும் தேன். இளையோர் முதல் முதியோர் வரை அனைவரும் கேட்டு மகிழலாம். என் மார்க் ஒன்பது.

ஆறாவது பாட்டுக்குப் பிறகு ஏழாவதாக ஒன்று இருக்கிறது. அதில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். ஃபேன் ஓடுகிற மாதிரி ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். பதிந்து கொடுத்தவன் தூங்கிவிட்டான் போலிருக்கிறது. வீட்டில் இருக்கும் பிரதியிலிருந்து அதை அழித்துவிடும்படி மகளிடம் சொல்.

வேலை வழக்கம்போல. எங்கள் ஹாலுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. பாட்டில்களைப் பழையதைவிட வேகமாகத் தள்ளுகிறது. முன்பெல்லாம் பேரிங் தேய்ந்தால் தூரத்தில் நின்றே சொல்வேன் அல்லவா? இப்போது மேலே கையை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். அதுதான் துல்லியம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித் தருகிறார்களாம். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். மகளுடைய மேற்படிப்புக்கு ஆகும். போன் செய்யாதே, இங்கே லைன் இன்னும் சரியாகவில்லை. கடிதமே எழுது.

இப்படிக்கு,
மூன்று மார்க்


என் அன்புக்குரிய மூன்று மார்க்குக்கு,

உங்கள் ஏழு மார்க் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். சமையலறைக் குழாய் ஒழுகியது, ஆள் வந்து வாஷரை மாற்றிவிட்டுப் போனார். மாடிக்குப் புதுக்குடித்தனம் வந்திருக்கிறது, நாற்காலியை இழுக்காமல் நகர்த்தத் தெரியாத குடும்பம். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் பிரித்திருந்தால் மடித்து வைத்துவிட்டு, வந்து படியுங்கள்.

நீங்கள் ஆல்பத்தில் முடித்தீர்கள், நான் அங்கேயிருந்து தொடங்குகிறேன். கல்யாணமான புதிதில் நாம் போட்டுக்கொண்ட நிபந்தனை உங்களுக்கு நினைவிருக்கும். மாதம் ஒரு படம், ஒரு ஆல்பம். ஊரார் சொன்னதைப் படிக்கக் கூடாது, சொந்த மார்க் போட்ட பிறகுதான் பேச்சு. நான் எதைப் பார்த்தாலும் ஏழு போடுவேன். நீங்கள் தலைகீழாக நின்றாலும் மூன்றைத் தாண்ட மாட்டீர்கள். நம் கல்யாண வீடியோவுக்கே, கேமராக்காரனுக்குக் கை நடுங்குகிறது என்று சொல்லி மூன்றுதான் போட்டீர்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒன்பது போட்டால் நான் என்ன நினைப்பது?

மார்க்காவது போகட்டும். ‘இசை விருந்து’ என்கிற வார்த்தை உங்கள் வாயில் எப்போது நுழைந்தது? போன வருடம் ஓர் ஆல்பத்துக்கு, ‘தபேலாக்காரர் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து வாசித்திருக்கிறார்’ என்று எழுதிய ஆள் நீங்கள். எனக்குச் சந்தேகம் வந்து, மகளை போனில் தேடச் சொன்னேன். ‘ரசிகர் பார்வை’ என்று ஒரு பக்கம் வந்தது. அதில் ‘இசைவெறியன்’ என்கிற பெயரில் ஒருவர் எழுதியிருக்கிறார். வருடும் மெலடி, பாயும் தேன், இளையோர் முதல் முதியோர் வரை, எல்லாம் ஓர் எழுத்து மாறாமல் இருக்கிறது. அந்தப் புண்ணியவானும் பத்துக்கு ஒன்பதுதான் கொடுத்திருக்கிறார். மார்க்கைக்கூடவா காப்பி அடிப்பது?

சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு ஒரு நாள் திட்டினால் போதும். ஆனால் அந்த ஏழாவது பதிவைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதற்கு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

அதைப் பதிந்தது கடைக்காரன் இல்லை. நீங்கள் கேட்ட ஃபேன் நம் கூடத்து ஃபேன். அதன் கீழே உட்கார்ந்து பாடியது உங்கள் மகள்.

அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்ட பாட்டு. என்னிடம்கூட அனுப்பிய பிறகுதான் சொன்னாள். ஆறு பெரிய பாட்டுகளுக்குப் பின்னால் தன் பாட்டையும் வைத்தால், யார் என்று தெரியாமலே அப்பா மார்க் போடுவார், அதுதான் நேர்மையான மார்க் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். உங்கள் கடிதத்தை வழக்கம்போலச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான்தான் சத்தமாகப் படித்தேன். ‘வெறும் இரைச்சல்’ என்று படித்துவிட்டேன். வாயிலிருந்து வெளியே வந்த பிறகு எதை விழுங்குவது?

அவள் அழவில்லை. “சரி, அழிச்சிடறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து பாட்டு இல்லை. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வருகிறது. பாட்டில்லாத இந்த வீட்டில் இருந்து பாருங்கள், தெரியும்.

உங்கள் இரண்டு மார்க்கோடு சண்டை போடுவதற்கென்றே, விடுமுறை நாளில் தனியாகப் போய் அந்த லாரி டிரைவர் படத்தைப் பார்த்தேன். நீங்கள் எழுதியது எல்லாம் சரி. மழை, லாரி, போன், அழுகை, எல்லாம் அதே வரிசை. ஆனால் நடுவில் ஒன்று இருக்கிறது. வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த அண்ணன் அந்த போனில் பேசுகிறான். “கதவச் சாத்தலடா, வந்துரு” என்கிறான். அவ்வளவுதான் வசனம். தியேட்டர் முழுக்கக் கேட்டது. எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் மூக்கைச் சிந்தினார். நான் அழவில்லை. ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது என்று நீங்கள் எழுதியதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டுத் துடைப்பத்தோடு ஆள் வந்த பிறகுதான் எழுந்தேன்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. மறுநாள் எங்கள் கண்ணாடிக் கடைக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். மூக்குக் கண்ணாடி தேவையே இல்லை, மனைவியின் தொந்தரவுக்காகத்தான் வந்தாராம். “பேப்பர்ல இப்பல்லாம் எழுத்த ரொம்பப் பொடிசா போடறாங்கம்மா” என்றார். வாரம் ஒருவராவது எங்களிடம் இதைச் சொல்வார்கள். நாங்கள் சிரிக்காமல் லென்ஸை மாட்டிவிடுவோம். எழுத்து பழைய அளவுக்கு வந்துவிடும், அவர்களும் பேசாமல் ஆகிவிடுவார்கள். அவர் காதுக்குப் பின்னால் ஃபிரேமை வளைத்துக்கொண்டிருந்தேன். நடிகர்கள் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியது அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அடிக்காத இரண்டு கடிகாரங்கள். சரியாகாத போன் லைன். கையை வைத்துப் பார்க்கிற பேரிங். காதை மூடினால் மெஷின் பேசுவது கேட்காது என்று சொல்லி, காதுமூடியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நின்றீர்களே, அந்த போட்டோ அலமாரிக் கண்ணாடியில்தான் செருகியிருக்கிறது. எத்தனை தடவை பெருமையாகப் பார்த்திருக்கிறேன்.

கடையின் பின்னறையில் காது பரிசோதிக்கும் அக்காவைப் பற்றி உங்களுக்கு எழுதியிருக்கிறேன். யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன். வருடக்கணக்காகப் பெரிய சத்தத்தில் வேலை செய்தால் எல்லாம் ஒரேயடியாகப் போகாதாம். எஞ்சின் கேட்கும், தாளம் கேட்கும், ஃபேன் கேட்கும். கடிகார மணி, புல்லாங்குழல், போனில் வருகிற பேச்சு, இதெல்லாம் நழுவிவிடுமாம். “முதல்ல போறது மெல்லிசான குரல்தாம்மா” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை. நான் ஸ்டோர் ரூமுக்குப் போய் ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவில் நின்று நன்றாக அழுதேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

இந்தக் காலத்திலும் என் வீட்டுக்காரர் கைப்பட கடிதம் எழுதுகிறார் என்று கடையில் பீற்றிக்கொண்டிருந்தேன். மற்றப் பெண்களுக்கு ஒரே பொறாமை. இப்போதும் பொறாமைதான், நான் எதையும் சொல்லவில்லை.

உங்களுக்கே இது தெரியுமா, தெரியாதா என்று யோசித்தேன். படத்துக்கு எழுதியதைப் பார்த்தால் தெரியாது என்று படுகிறது. இசைவெறியனைத் தேடிப் போனதைப் பார்த்தால் தெரியும் என்று படுகிறது. தெரிந்து மறைத்திருந்தாலும் இப்போது சண்டை இல்லை. அந்த அறையில், வெல்டரும் போன பிறகு, தனியாக உட்கார்ந்து அந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அப்பாவுக்கு ஃபேன் மட்டுந்தான் கேட்டுச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாட்டை அவள் அழிக்கவில்லையாம். அழிக்கிறேன் என்று சொன்னதோடு சரியாம். அதன் கடைசியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் போட்டுக் காட்டினாள். பாடி முடித்துவிட்டு, “அப்பா, இதுக்கு எத்தன மார்க்?” என்று கேட்டிருக்கிறாள்.

கையெழுத்துப் போடாதீர்கள். புது மெஷின் பழையதைவிட வேகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேகம் என்றால் சத்தமும்தானே? போனது திரும்பாது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம், காதில் வைக்கிற கருவியும் நன்றாக உதவும் என்று அக்கா சொல்கிறார். படிப்பை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். எனக்கு முழு நாள் வேலை கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இங்கேயும் பேரிங் தேய்கிற மெஷின்கள் இருக்கின்றன, கையை வைத்துப் பார்க்கிற மெக்கானிக்கையும் ஆட்கள் தேடுவார்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம்.

நீங்கள் வருகிற அன்றைக்கு ஃபேனை நிறுத்திவைக்கிறோம். வியர்த்தால் வியர்க்கட்டும். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஒன்பது வேண்டாம். வந்து, காதால் கேட்டுவிட்டு, வழக்கம்போல மூன்று போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வருகைக்கு இப்போதே பத்து போட்டுவிட்ட,
ஏழு மார்க்