இல்லை என்ற பதிலின் ஞாபகம்

3 செப்டம்பர் 2024, செவ்வாய்

கணினியில் நான் செய்த மாற்றம் வேலை செய்கிறது. உப்பளம் அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி புருஷோத்தமன் மட்டும் தட்டவில்லை. அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நாளை எனக்கே மறந்துபோகும், எழுதிவைக்கிறேன். ஒரு கோப்பைக் கேட்டால் கர்னல், அதாவது கணினியை நடத்தும் அடிப்படை நிரல், வட்டுவரை போய்த் தேட வேண்டும், மெதுவான வேலை. ஆகவே ஒருமுறை பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்கிறது. இருக்கும் பெயர்களை மட்டுமல்ல — "அப்படி ஒன்று இல்லை" என்ற பதிலையும் பத்திரப்படுத்துகிறது. மறுபடி யாராவது கேட்டால் தேடாமலேயே இல்லை என்று சொல்லிவிடலாம். அரசு அலுவலகங்கள் இதை முன்பே கண்டுபிடித்துவிட்டன.

சிக்கல், அந்த நினைவுக்கு ஒரே பூட்டு. கணினியில் எத்தனை கோர்கள், அதாவது கணக்குப்போடும் மூளைகள், இருந்தாலும் அத்தனையும் அதன் முன்னால் காத்துக்கிடக்கும், கல்யாண மண்டபத்தின் ஒற்றைக் குளியலறை வாசலில் நிற்பதுபோல. நான் ஒவ்வொரு கோருக்கும் தனி நினைவு கொடுத்துவிட்டேன். இனி யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

5 செப்டம்பர், வியாழன்

சோதனைக்காக எங்கள் கணினியைப் பக்கத்துத் தெரு சேவை மையத்தில் வைத்திருக்கிறோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தாக்கள் பென்ஷன் நிற்காமலிருக்க, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட அங்கே வருவார்கள். படம் எடுப்பார்கள், அன்றைய தேதியிட்டுக் கோப்பில் ஏற்றுவார்கள், முத்திரை குத்துவார்கள். அப்பாவும் ஒரு சொல்தா. இன்று போய்வந்தார்.

"கமலக்கண்ணன்னு யாருமே இல்லன்றாடா அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"ஜன்னல்ல ஒக்காந்திருக்குமே, கலையரசி. 'எதிர்லதான நிக்கிறேன், மத்மொசேல்'னேன். 'கம்ப்யூட்டர்ல இல்ல சார்'ன்றா. அடுத்த ஜன்னல்ல இருக்கேனாம். அதுக்கு அடுத்ததுல மறுபடி இல்லியாம்."

சிரித்தோம். அவர் கொஞ்சம் முன்னதாக நிறுத்திக்கொண்டார்.

9 செப்டம்பர், திங்கள்

இரண்டு நாளாக அப்பாவுக்கு ஆட்டோ நிற்பதில்லை. கைகாட்டுகிறார், அவரைத் தாண்டிப் போய் வேறு யாரையோ ஏற்றிக்கொள்கிறார்கள். புதுச்சேரி ஆட்டோ என்பதால் இதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலை சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு லமீஸ் வந்தாள். அலுவலகத்தில் என் பக்கத்து மேசை. நான் எழுதுவதில் பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குபவள். அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லமீஸ் பேசிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். அவள் கிளம்பும்வரை அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். போகும்போது எடுத்துக்கொண்டாள்.

"அப்பாவ கேட்டேன்னு சொல்லுங்கண்ணா."

10 செப்டம்பர்

இன்று அப்பாவுக்குத் தட்டு வைக்க நானும் மறந்தேன்.

12 செப்டம்பர், வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். குற்றவாளி பட்டாளத்து ஒழுக்கம். மையம் பத்து மணிக்கு என்றால் சொல்தாக்கள் எட்டுக்கே வந்துவிடுவார்கள். அப்பா அவர்களுக்கும் முன்னால். அன்றைய படம் ஏறுவதற்குள் ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டி "என் பேர் இருக்கா பாரு" என்று நச்சரித்திருக்கிறார். தொல்லை விட்டால் போதும் என்று முன்னதாக வந்திருந்த ஊழியர்களும் தேடியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு ஒரு கோர்; கோருக்குக் கோர் "இல்லை" என்று கற்றுக்கொண்டது. பிறகு படம் ஏறியது. ஏற்றிய கோர் மட்டும் தன் "இல்லை"யை அழித்தது. மற்றவை வைத்துக்கொண்டன. யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம் என்று சொன்னது நான்தானே?

சரியான திருத்தம் எளிது: ஒருவர் வந்துவிட்டார் என்றால் எல்லாக் கோர்களுக்கும் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நிற்க வேண்டும். நின்றால் பழைய வேகம்.

புருஷோத்தமனிடம் பழையதையே போட அனுமதி கேட்டேன்.

"ரீஸ்டார்ட் பண்ணா போவாதா?"

"போவும். நாளைக்குப் புதுப் படம், எட்டு மணிக்கே எங்கப்பா மறுபடி வருவார்."

"அவர பத்து மணிக்கு வரச் சொல்லேன்ப்பா."

"நாப்பது வருஷமா முயற்சி பண்றேன் சார்."

"ராமலிங்கம், திங்கக்கெழம வெளிநாட்டுலேருந்து பாக்க வராங்க. ஒரு பெருசுக்காக கழுத்தறுக்காத. வேகம் இருக்கணும், இல்ல நீ இருக்கக் கூடாது."

ஆவி, பேய் என்றெல்லாம் அவரிடம் பேசவில்லை. என்னோடு வந்திருந்த அப்பா என்னருகில்தான் நின்றார். முதலாளி அவர்மேல் சாய்ந்து ஏசியைக் கூட்டினார்.

பழையதைப் போட்டுவிட்டேன். என்னா செய்ய — ஒரே ஒரு அப்பாதான இருக்காரு எனக்கு.

13 செப்டம்பர், வெள்ளி

வேலை போயிற்று. கணினியிலிருந்து என் கணக்கை நீக்கும் பொறுப்பு லமீஸுக்கு. நீக்கியபின் ஒருமுறை பெயரைத் தேடி உறுதிசெய்வது எங்கள் வழக்கம். ராமலிங்கம் என்று தட்டினாள்.

"இல்லன்னு வருதுண்ணா" என்றாள். கண் துடைத்துக்கொண்டாள். "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடறேன்."

18 செப்டம்பர், புதன்

கணினி மெதுவாகிவிட்டது, வரிசை தெருமுனை தாண்டி வெயிலில் நிற்கிறது. அப்பாவோடு போனேன். இடையில் நுழையப் பார்த்தார்.

"யோவ் பெருசு, எங்களலாம் பாத்தா மனுசனா தெரியலியா? பின்னால வாய்யா!" என்று ஒருவர் கத்தினார். அப்பா பிரெஞ்சில் திட்டினார். அவர் இவ்வளவு சந்தோஷமாக யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

கலையரசி படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள்.

"இருக்கீங்க சார்." பிறகு, "இந்த வெயில்ல தனியாவா வந்தீங்க? வூட்ல யாரும் கூட வரலயா?"

"தோ, என் பையன் நிக்கிறான் பாரு."

அவள் என்னைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள். வயதானவர்களிடம் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள்.

"சரிங்க சார். ரெண்டு பேரும் பாத்துப் போங்க."